இன்ஜின் ஜாம் ஆகிவிட்டதா? கிக்கரில் இருந்து காலை எடுங்கள்!

பத்து வருடம் நின்ற வண்டியை அரை மணி நேர அவசரம் கெடுத்துவிடும். அரை லிட்டர் டீசலும் பத்து நாள் பொறுமையும் பல இன்ஜின்களை மீட்டுக் கொடுக்கும்.

ஊரில் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திய ஒரு பழைய வண்டி பல குடும்பங்களில் உண்டு. அப்பாவின் ஆர்.எக்ஸ். 100, சித்தப்பா விட்டுப்போன சேத்தக், தாத்தா காலத்து அம்பாசிடர் என்று ஏதோ ஒன்று. பல வருடம் கழித்து, சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் பிள்ளைக்கு அதை ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும். பொங்கல் லீவுக்கு வந்த கையோடு தார்ப்பாயை விலக்கி, டேங்கில் புது பெட்ரோல் ஊத்தி, கிக்கரை மிதிப்பார். கிக்கர் பாறை மாதிரி நிற்கும். இறங்கவே இறங்காது.

அதற்கு அப்புறம் நடப்பதில்தான் சிக்கல். பக்கத்து வீட்டு அண்ணன் வருவார். "தள்ளு தம்பி, நான் மிதிக்கிறேன்" என்று உடம்பு எடை முழுவதையும் போட்டு ஏறி மிதிப்பார். அதுவும் ஆகாவிட்டால் நாலு பேர் சேர்ந்து தள்ளி, ஓட்டத்தில் கியரைப் போட்டு கிளட்சை விடுவார்கள். கார் என்றால் டிராக்டரில் கயிறு கட்டி இழுப்பதும் நடக்கும். கடைசியில் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். ரிங் உடைந்திருக்கும், கிக்கர் கியரின் பல் போயிருக்கும், இல்லையென்றால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். பத்து வருடத் துரு செய்யாத சேதம் அது.

நின்று நின்று இறுகிப்போன இன்ஜின் பெரும்பாலும் செத்த இன்ஜின் கிடையாது. அதை மீட்க பலத்தைவிட நாள்கணக்கான காத்திருப்புதான் அதிகம் தேவை. அந்தக் காத்திருப்பை மெக்கானிக்கிடம் எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை. அது வண்டிக்குச் சொந்தக்காரர் செய்ய வேண்டிய வேலை.

உள்ளே என்ன ஆகிறது?

சிலிண்டர் என்பது இரும்புச் சுவர் கொண்ட ஒரு குழாய். அதற்குள் போய்வருவது அலுமினிய பிஸ்டன். பிஸ்டனைச் சுற்றி இரும்பு ரிங்குகள். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. ரிங்குகளோ சுவரை ஒட்டியே நிற்கும். நடுவில் இருப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும்.

வண்டி மாதக்கணக்கில் நின்றால் அந்தப் படலம் வடிந்து இறங்கிவிடும். அதன் பிறகு ஈரக் காற்று நேராக இரும்பைத் தொடும். இரும்பு துருவாக மாறும்போது முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தைப் பிடிக்கும். ஏற்கெனவே இடமில்லாத இடத்தில் துரு வளர்ந்தால் ரிங்கும் சுவரும் ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும். நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி உப்புக் காற்று வீசும் ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

நாலு சிலிண்டர் இன்ஜினில் எல்லாமே ஒரே மாதிரி துருப்பிடிப்பதில்லை. வண்டியை அணைத்த நொடியில் எந்த சிலிண்டரின் வால்வு திறந்த நிலையில் நின்றதோ, அதற்குள்தான் சைலன்சர் வழியாகவோ கார்புரேட்டர் வழியாகவோ ஈரக் காற்று வருடக்கணக்கில் போய்க்கொண்டிருக்கும். மற்றவை சுத்தமாக இருக்க, ஒன்று மட்டும் செங்கல் நிறத்தில் இருப்பது இதனால்தான். மொத்த இன்ஜினையும் பிடித்து நிறுத்தியிருப்பது அந்த ஒற்றை சிலிண்டராகவே இருக்கலாம். ஆர்.எக்ஸ். 100, சேத்தக் போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இப்படி மூடித் திறக்கும் வால்வுகள் கிடையாது, சிலிண்டர் சுவரில் துளைகள்தான். பிஸ்டன் கீழே நின்ற நிலையில் வண்டி நிறுத்தப்பட்டிருந்தால் சைலன்சர் வாயிலிருந்து சிலிண்டர் வரை கதவில்லாத வீடு மாதிரி.

ஓடும்போது பிடித்துக்கொண்டால்?

இது வேறு கதை. 'இன்ஜின் சீஸ்' என்ற ஒரே பேரில் இரண்டையும் சொல்வதால்தான் பாதிக் குழப்பம்.

சூட்டில் அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆயில் குறைந்தாலோ, ரேடியேட்டரில் தண்ணீர் தீர்ந்தாலோ, பிஸ்டன் பெருத்து சுவரில் உரசி, அலுமினியம் சுவரில் அப்பிக்கொள்ளும். சேத்தக்கில் பெட்ரோலோடு 2டி ஆயில் கலக்க மறந்தவர்கள் எல்லாம் ஒருமுறையாவது இதைப் பார்த்திருப்பார்கள். ஆர்.எக்ஸ். 100-ல் ஆயிலுக்குத் தனி டேங்க், தனி பம்ப் உண்டு. பம்ப் மக்கர் செய்தால் அதே கதிதான்.

கலந்து ஊத்தும் வண்டிகளுக்கு மலை இறக்கம் இன்னொரு பொறி. ஏற்காட்டிலிருந்து ஆக்சிலரேட்டரை மூடிக்கொண்டு கியரிலேயே இறங்கினால், பெட்ரோல் வருவது ஏறக்குறைய நின்றுவிடும். அதோடு வரும் ஆயிலும் நின்றுவிடும். ஆனால் சக்கரம் இன்ஜினை வேகமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். பழைய டூ ஸ்ட்ரோக் ஆட்கள் கிளட்ச் லீவரில் எப்போதும் இரண்டு விரல் வைத்திருந்தது ஸ்டைலுக்காக இல்லை. இன்ஜின் பிடித்தால் பின்சக்கரமும் பூட்டிக்கொள்ளும். உடனே கிளட்சைப் பிடிக்காவிட்டால் ஆள் ரோட்டில் கிடப்பார்.

இப்படிப் பிடித்த இன்ஜின் கொஞ்ச நேரம் ஆறினால் தானாகவே விட்டுவிடுவது உண்டு. "சரியாயிடுச்சு, போலாம்" என்று கிளம்புவதுதான் பெரிய தப்பு. சுவரில் அப்பிய அலுமினியம் அங்கேயே இருக்கும், பிஸ்டனில் கீறல் விழுந்திருக்கும். அடுத்த முறை பிடிக்கும்போது அது அதிக வேகத்தில் இருக்கலாம். ஓடும்போது ஜாம் ஆன இன்ஜினை எண்ணெய் ஊத்தி ஊற வைத்து ஓட்டுவது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது. அதைத் திறந்துதான் ஆகணும்.

மூன்றாவது வகை, தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னை பார்த்தது. பெட்ரோல் இன்ஜின் தனக்குள் வரும் காற்றை எட்டில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்கு அமுக்கும். டீசல் இன்ஜின் அதைவிட அதிகம். தண்ணீர் அமுங்காது. உள்ளே தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் கனெக்டிங் ராடுதான் வளையும். வழக்கமான முழுக் காப்பீட்டில் இதைப் பெரும்பாலும் பின்விளைவுச் சேதம் என்று ஒதுக்கிவிடுவார்கள். இன்ஜினுக்கென்று தனியாக ஆட்-ஆன் எடுத்தவருக்குத்தான் வழி. முழுகிய வண்டியின் பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றும்வரை சாவியைத் தொடாமல் இருப்பதே நல்லது. முழுகி வெளியே வந்த வண்டியை அப்படியே மூடிவைத்தால் சில வாரங்களிலேயே துரு பிடித்து அதுவும் முதல் வகைக்குப் போய்விடும்.

ஆக, வண்டியைத் தொடுவதற்கு முன் வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டியை நிறுத்தி வச்சீங்களா, இல்லை நின்னு போனதால வச்சீங்களா? முதல் பதில் என்றால் மட்டுமே இனி வருவது பொருந்தும்.

பிடித்திருப்பது இன்ஜின்தானா?

சிரிப்பாகத் தோன்றும், ஆனால் இது நடக்கிறது. வண்டி கியரில் இருக்கும், கிளட்ச் தட்டுகள் ஒட்டியிருக்கும், பிரேக் ட்ரம் இறுகியிருக்கும். காரில் ஸ்டார்ட்டர் மோட்டாரின் பல் பிளைவீல் பல்லில் சிக்கி நிற்கலாம். மூன்றாவது நாலாவது கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் விட்டுவிடும். டைனமோ அல்லது தண்ணீர் பம்ப்பின் பேரிங் இறுகியிருந்தாலும் பெல்ட் வழியாக அது இன்ஜினைச் சுற்ற விடாது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒருமுறை முயன்று பார்ப்பதற்கு பைசா செலவில்லை. இதையெல்லாம் பார்க்காமல் "இன்ஜின் போச்சு" என்று முடிவெடுத்து, இன்ஜினையே இறக்கிய பிறகு பிரேக்தான் காரணம் என்று தெரியவந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

ஊற வைக்கும் கலை

பிளக்கைக் கழற்ற வேண்டும். டீசல் வண்டி என்றால் இன்ஜெக்டரையோ ஹீட்டர் பிளக்கையோ. பிளக்கே துருப்பிடித்து ஒட்டியிருந்தால் அதற்கும் முதலில் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி காத்திருக்கணும். அவசரத்தில் பிளக் பாதியில் உடைந்தால் ஹெட்டைக் கழற்றுவது தவிர வழியில்லை.

அடுத்து, துளை வழியாக ஒரு மெல்லிய மரக்குச்சியை மெதுவாக விட்டு பிஸ்டன் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பார்ப்பது நல்லது. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் கீழே இருந்தால், ஊத்தும் எண்ணெய் சுவரில் உள்ள துளைகள் வழியாக சைலன்சருக்கும் கிராங்க் அறைக்கும் ஓடிவிடும். அப்படி இருந்தால் ஒரே முறை நிறைய ஊத்துவதில் பயனில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, சுவரை ஒட்டி வழியும்படி விட வேண்டும். இப்போது போனில் மாட்டும் சின்ன எண்டோஸ்கோப் கேமராக்கள் ஆன்லைனில் கிடைக்கின்றன. ஒருமுறை பிளக் துளைக்குள் விட்டுப் பார்த்தால் துருவின் நிறமும் அளவும் கண்ணுக்கே தெரியும். முந்தைய தலைமுறை மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காத வசதி இது. அதைக் கல்யாண வீட்டுக் குழாய் அடைப்பு பார்க்க மட்டும் பயன்படுத்த வேண்டியதில்லை.

என்ன ஊத்துவது? இங்கேதான் ஊருக்கு ஒரு வைத்தியம். டீசலோடு கொஞ்சம் இன்ஜின் ஆயில் கலந்தாலே போதும். அரை லிட்டர் டீசல் ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். டபிள்யூ.டி. 40 போன்ற ஸ்பிரேக்களும் நல்லதுதான். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளுக்கு ஊத்தும் ஏ.டி.எஃப். ஆயிலையும் அசிட்டோனையும் சம அளவில் கலப்பது உலகம் முழுக்கப் பழைய வண்டிக்காரர்கள் சத்தியம் செய்யும் மருந்து. அது நின்றால் பிரிந்துவிடும், குலுக்கிக் குலுக்கி ஊத்தணும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பெயின்டையும் உரித்துவிடும். பீடி, சிகரெட், வெல்டிங் எதுவும் பக்கத்தில் கூடாது.

தேங்காய் எண்ணெய் ஊத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஊட்டிக் குளிரில் அது பிஸ்டன் மேலேயே உறைந்து உட்கார்ந்துவிடும் என்பது ஒருபுறம் இருக்க, தாவர எண்ணெய்கள் நாளாவட்டத்தில் பிசினாகும். விளக்கெண்ணெய்க்கு இன்ஜின் உலகத்தில் பெரிய சரித்திரமே உண்டு. காஸ்ட்ரால் என்ற பேரே அதன் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். ஆனால் அது ஓடும் ரேஸ் இன்ஜினுக்கு, நிற்கும் இன்ஜினுக்கு இல்லை. கோலாவும் வினிகரும் துருவைத் தின்னும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். தின்னும்தான், ஆனால் அமிலம் அலுமினிய பிஸ்டனையும் சும்மா விடாது, பின்னால் தண்ணீரையும் விட்டுவிட்டுப் போகும். இரும்பு போல்ட்டை பாட்டிலில் போட்டு ஊற வைக்க அது சரி.

சிலிண்டருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி போதும். டீசல் துருவைக் கரைக்கப்போவதில்லை. துருவுக்கும் இரும்புக்கும் நடுவில் உள்ள மெல்லிய பிளவுகளில், விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவது மாதிரி அது தானாக ஊர்ந்து போகும். போய்ச் சேர்ந்தபின் வழுக்க வைக்கும், அவ்வளவுதான். அந்த ஊர்தலுக்கு நேரம் வேண்டும். சில வண்டிக்கு மூன்று நாள், சிலதுக்கு இரண்டு வாரம். தினமும் குச்சி விட்டுப் பார்த்து, மட்டம் குறைந்திருந்தால் நல்ல சேதி. எண்ணெய் ரிங்கைத் தாண்டி இறங்குகிறது என்று அர்த்தம். திரும்ப ஊத்திவிட்டுப் போய் வேறு வேலை பார்க்கலாம்.

திருப்புவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கிக்கர் கியர்கள் இன்ஜினை வேகமாகச் சுற்றுவதற்காகச் செய்யப்பட்டவை, பலமாகச் சுற்றுவதற்காக அல்ல. அதனால் எவ்வளவு மிதித்தாலும் பிஸ்டனுக்குப் போகும் விசை குறைவு, பல்லுக்குப் போகும் அடி அதிகம். அதைவிட, டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுவது நல்லது. டாப் கியரில்தான் சக்கரத்தின் விசை குறையாமல் கிராங்க் வரை போகும். காரில் கிராங்க் புல்லி போல்ட்டில் நீளக் கைப்பிடி சாக்கெட் மாட்டி, போல்ட் இறுகும் திசையில் மெதுவாக அழுத்த வேண்டும். எதிர்த்திசையில் அழுத்தினால் போல்ட்டே கழன்று வரலாம். பழைய அம்பாசிடரில் முன்னால் ஹேண்டில் போடும் வசதி இருந்தால் அதுவே போதும். உலுக்கக் கூடாது, எகிறக் கூடாது. புல்லியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்தால், ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலும் தெரியும்.

அந்த ஒரு மில்லிமீட்டர்தான் திருப்புமுனை. அசைந்த சந்தோஷத்தில் ஒரே மூச்சாகச் சுற்றிவிடாமல், இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, திரும்பவும் அதே அளவு முன்னால், அதே அளவு பின்னால். சுவரில் இருக்கும் துருவை ரிங் தானே கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி வழி செய்துகொள்ளும். பலமாக இழுத்தால் ரிங்கே உடைந்து சுவரில் பள்ளம் போடும். அம்பாசிடர், பத்மினி போன்ற பழைய கார்களில் இன்னொரு விஷயம்: வால்வு மூடியைக் கழற்றி, எல்லா வால்வும் ஏறி இறங்குகின்றனவா என்று பார்த்தபடி சுற்றணும். ஒரு வால்வு திறந்தபடி ஒட்டியிருந்தால் புஷ் ராடு வளையும், இல்லையென்றால் பிஸ்டன் போய் அதில் இடிக்கும்.

மெக்கானிக் ஏன் காத்திருப்பதில்லை?

"இன்ஜினை இறக்கிடலாம் சார்" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லும் மெக்கானிக்கைத் திருடன் என்று நினைப்பவர்கள் உண்டு. அவருடைய இடத்தில் நின்று பார்க்கணும். பட்டறையில் நாலு வண்டி நிற்கத்தான் இடம். அதில் ஒரு வண்டி இரண்டு வாரம் சும்மா எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தால் அந்த இடத்துக்கு வாடகை யார் தருவது? 'தினமும் குச்சி விட்டுப் பார்த்தேன்' என்று எந்த பில்லிலும் எழுத முடியாது. வாடிக்கையாளரும் தினமும் போன் போட்டு "என்னண்ணே ஆச்சு?" என்று கேட்பார். பட்டறைக் கணக்குப்படி, இறக்கி, பிரித்து, லேத்துக்கு அனுப்பி, பிளாக் பிஸ்டன் மாற்றி ஒரே வாரத்தில் வெளியே அனுப்புவதுதான் புத்திசாலித்தனம். அவசரமாக மிதித்துப் பார்ப்பதும் அதே கணக்கில் வருவதுதான்.

வீட்டுத் திண்ணைக்கு வாடகை கிடையாது. அதனால்தான் ஊற வைக்கும் வேலை வீட்டிலேயே நடக்கணும். பட்டறைக்கு வண்டி போக வேண்டியது இன்ஜின் கையால் சுற்றும் நிலைக்கு வந்தபின், அல்லது இரண்டு மூன்று வாரம் ஊறியும் அசையவில்லை என்று தெரிந்தபின். பெங்களூருவில் இருப்பவருக்கு இது கஷ்டம்தான். ஆனால் தினமும் ஒரு ஸ்பூன் ஊத்த ஊரில் இருக்கும் அப்பாவுக்கோ தம்பிக்கோ சொல்லிவிட்டு வரலாம். பாதிப் பேருக்கு அந்த வண்டி பற்றிப் பேச அதுவே ஒரு சாக்கு.

உடைத்தால் போவது இரும்பு மட்டுமில்லை

அசையவே இல்லை என்றால் ஹெட்டைக் கழற்றி, மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டுவது, சிலிண்டரை வெளிப்பக்கம் சூடுபடுத்துவது, பழைய பிளக் ஓட்டில் கிரீஸ் நிப்பிள் வெல்ட் செய்து கிரீஸ் கன்னால் அழுத்தி பிஸ்டனைத் தள்ளுவது என்று வழிகள் இருக்கின்றன. கிரீஸும் அமுங்காது என்பதால் சுத்தியலைவிட அந்த விசை அதிகம், ஆனால் உலுக்காமல் சீராக வரும். இதெல்லாம் அனுபவப்பட்ட கை செய்ய வேண்டியவை. குறிப்பாக, அசிட்டோன் ஊறிய இன்ஜின் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோவது தற்கொலைக்குச் சமம்.

இந்தக் கட்டத்தில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று தெரிந்திருக்கணும். பைக்கில் பிஸ்டன், ரிங், சிலிண்டர் பிளாக் எல்லாம் மாற்றக்கூடிய சாமான்கள். பிஸ்டன் 0.25, 0.50 மில்லிமீட்டர் என்று ஓவர்சைஸில் வரும். லேத்தில் பிளாக்கை அந்த அளவுக்குக் குடைந்து போட்டுக்கொள்ளலாம். புதுப்பேட்டையில் தேடினால் பழைய பிளாக்கும் கிடைக்கும். மாற்ற முடியாதது இன்ஜின் நம்பர் அடித்திருக்கும் கிராங்க் கேஸ். காரில் அந்த நம்பர் பிளாக்கிலேயே இருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது அந்த நம்பர்தான். ஆத்திரத்தில் அடித்து அதில் விரிசல் விட்டால், வேறு இன்ஜின் தேடி, ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் திருத்தி முடிப்பதற்குள் வண்டி ஆசையே விட்டுப்போகும்.

1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன ஆர்.எக்ஸ். 100-க்கு இன்று நல்ல நிலையில் லட்சம் ரூபாய்க்கு மேல் கேட்கிறார்கள். அந்த விலையில் பெரும் பங்கு, பேப்பரும் நம்பரும் ஒத்துப்போவதற்குத்தான். பேப்பர் செலவும் முன்பு மாதிரி இல்லை. 15 ஆண்டு தாண்டிய பைக்கின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் ஆனது. காருக்கு 600-லிருந்து 5,000. 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் அதுவும் இரட்டிப்பாகி, பைக்குக்கு 2,000, காருக்கு 10,000 என்று நிற்கிறது. ஆய்வுக்கு வண்டி ஓடும் நிலையில் போக வேண்டும். எனவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன் பரிவாஹன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டு, பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. பதிவே ரத்தான வண்டிக்கு இரண்டு வாரம் எண்ணெய் ஊத்துவது பாசம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சுத்திவிட்டது, அப்புறம்?

உடனே ஸ்டார்ட் பண்ணத் தோணும். கூடாது. ஊத்திய டீசலில் ஒரு பங்கு கீழே இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலந்திருக்கும். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீரும் இருக்கிறது. முழுக்க வடித்து, புது ஆயில் ஊத்தி, பிளக் இல்லாமலேயே கையால் இருபது முப்பது முறை சுற்ற வேண்டும். பிளக் துளைமேல் துணி போட்டு மூடி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்வது அவசியம். உள்ளே மிச்சமிருக்கும் எண்ணெய் பீய்ச்சி அடிக்கும். பழைய பெட்ரோலை ஊற்றிவிட்டு கார்புரேட்டரைக் கழுவுவது, டேங்க் துருவைப் பார்ப்பது எல்லாம் வழக்கமான வேலைகள்.

முதல் ஸ்டார்ட்டில் தெருவே மறையும் அளவுக்குப் புகை வரும். பயப்பட ஒன்றுமில்லை, ஊத்திய எண்ணெய் எரிகிறது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் குறையணும். குறையாவிட்டால் ரிங் போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தால் தெளிவாகிவிடும். சில இன்ஜின்களில் ரிங் பிஸ்டன் பள்ளத்திலேயே ஒட்டியிருந்து, கொஞ்ச தூரம் ஓடியபின் விடுபட்டு கம்ப்ரஷன் ஏறுவதும் உண்டு. டூ ஸ்ட்ரோக்கில் காது கொடுத்துக் கேட்க வேண்டியது கிராங்க் பேரிங்கின் இரைச்சலை. பேரிங் உருளைகளில் துரு குழி போட்டிருந்தால் எந்த எண்ணெயும் அதை நிரப்பாது. பிரித்து மாற்றத்தான் வேண்டும்.

இதே காரணத்தால், பழைய பைக் வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். ஊற வைத்து விடுவித்து, கெட்டியான ஆயில் ஊத்தி, சத்தத்தையும் புகையையும் ஒரு வாரத்துக்கு அடக்கி விற்கப்படும் இன்ஜின்கள் சந்தையில் இருக்கின்றன. விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக வைத்திருக்கும் வண்டியை அன்றைக்கு வாங்காமல், மறுநாள் காலையில் சொல்லாமல் போய், ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்த்து, பிளக்கைக் கழற்றி கேமரா விட்டுப் பார்க்கக் கேட்கலாம். மறுத்தால் அதுவே பதில்.

வண்டியை நிறுத்தி வைத்துவிட்டு வெளியூர் போகிறவர்கள் வழக்கமாக அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவது, "வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம் ஓட விடும்மா" என்பது. இது உதவுவதைவிடக் கெடுப்பதே அதிகம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகும். இன்ஜினும் சைலன்சரும் நன்றாகச் சூடாவதற்குள் அணைத்துவிட்டால் அந்த ஈரம் உள்ளேயே படியும். இருபது நிமிடம் ரோட்டில் ஓட்ட ஆள் இருந்தால் ஓட்டச் சொல்லலாம். இல்லாவிட்டால் ஸ்டார்ட்டே செய்ய வேண்டாம். கிளம்புவதற்கு முன் பிளக்கைக் கழற்றி ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, கிக்கரை இரண்டு முறை கையால் சுற்றி, பிளக்கை மாட்டி, சைலன்சர் வாயை ஒரு பிளாஸ்டிக் பையால் கட்டிவிட்டுப் போகலாம். மாதம் ஒருமுறை யாராவது கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தி, பிஸ்டனை இடம் மாற்றி வைத்தால் போதும். தார்ப்பாயைத் தரைவரை இழுத்துக் கட்டாமல் கீழே ஒரு சாண் இடைவெளி விட வேண்டும், மண்ணிலிருந்து ஏறும் ஈரம் வெளியே போவதற்கு.